நாற்பத்தேழாம் கேள்விக்கு ஒரு வேட்டைக்காரர்

கன்னியப்பன் வேட்டைக்காரர் ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. அதற்கு முந்தின நாற்பத்தாறு வருஷமும் அவர் எலி பிடிக்கிறவராகத்தான் இருந்தார்.

சேரப்பணஞ்சேரிக்கு அந்தாண்டை, கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்கிற ஒரு கம்பெனி இருக்கிறது. அதன் பின்சுவரை ஒட்டிப் பன்னிரண்டு ஏக்கர் புதர்க்காடு. காட்டுக்கு நடுவில் ஒரு குட்டை, காட்டைத் தாண்டினால் கால்வாய், கால்வாய்க் கரையில் எட்டு இருளர் வீடுகள். அதில் ஒன்று கன்னியப்பனுடையது. காடு என்னவோ கம்பெனியின் பேரில்தான் இருந்தது. ஆனால் கம்பெனிக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது, எட்டு வீட்டுக்கும் அதை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. எலி, நண்டு, தேன், மூலிகை வேர், அடுப்புக்கு விறகு எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. அவர்கள் போவதையும் வருவதையும் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை.

கம்பெனியின் தலைமையகம் பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் இருக்கிறது. அங்கே வேட்டைக்காரர்கள் லைசென்ஸ் வாங்கி, பருவம் பார்த்து, இத்தனைக்கு மேல் கூடாது என்று அளவாகச் சுட்டு, லைசென்ஸ் கட்டணத்தால் காட்டையும் காப்பாற்றுவார்களாம். நல்ல விஷயம்தான். ஆனால் நல்ல விஷயம் ஒன்று கையில் சிக்கினால் தலைமையகம் சும்மா இருக்குமா? உலகத்தில் உள்ள தன் தொழிற்சாலைகள் அத்தனைக்கும் ஒரே படிவத்தை அனுப்பிவிட்டது. அதில் நாற்பத்தேழாம் கேள்வி இது: 'உங்கள் வளாகத்தில் நிலத்தையும் வனவுயிர்களையும் பாதுகாக்கும் பொறுப்புள்ள வேட்டையாளர்கள் எத்தனை பேர்?'

படிவத்தை நிரப்ப வேண்டியவர் ஃபிரடி. நிலைத்தன்மைத் துறையின், அதாவது சுற்றுச்சூழலைப் பார்த்துக்கொள்கிற துறையின், மேனேஜர். அந்தத் துறையில் அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. பென்னலூர்க்காரர், நல்ல மனுஷர், ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட டாஷ்போர்டு பச்சையாகவே இருக்க வேண்டும் ஆண்டவரே என்றுதான் ஜெபிப்பார். கம்ப்யூட்டரில் அந்தக் கேள்விக்கான பெட்டியில் அவர் பூஜ்யம் என்று போட்டார். பெட்டி சிவப்பாக மாறியது. 'எங்கள் நாட்டில் வேட்டைக்குச் சட்டப்படி தடை' என்று எழுதிப் பார்த்தார். எண்ணைத் தவிர வேறெதையும் பெட்டி ஏற்கவில்லை. விஷயத்தை விளக்கித் தலைமையகத்துக்கு மெயில் போட்டார். இரண்டு நாளில் பதில் வந்தது: 'தகவலுக்கு நன்றி. தடை உள்ள நாடு என்றால் வேட்டையாளர்கள் கூடுதல் பொறுப்போடு நடந்துகொள்வதை உறுதிசெய்யவும்.'

அந்தச் செவ்வாய்க்கிழமை கேன்டீனுக்குள் ஒரு சாரை புகுந்துவிட்டது. வழக்கம்போல கன்னியப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து, பாம்பைப் பிடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரில் ஃபிரடி நின்றார்.

"நீ ஹன்டரா?"

"எலி புடிக்கிறவன் சார். பாம்பு, சும்மா உங்களுக்காக."

"பொறுப்பா புடிப்பியா?"

இப்படி ஒரு கேள்வியைக் கன்னியப்பனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னார். "குட்டிங்க கீற வளைன்னா தோண்ட மாட்டோம் சார். மண்ணத் தள்ளி மூடிட்டு வந்துருவோம். எல்லாத்தயும் தின்னுட்டா அப்பால இன்னா பண்றது?"

ஃபிரடிக்குக் கண் கலங்கிவிட்டது. "மிஸ்டர் கன்னியப்பன், உக்காருங்க" என்றார். நாற்பத்தேழாம் பெட்டியில் ஒன்று என்று விழுந்தது, விழுந்த மாத்திரத்தில் பெட்டி பச்சையானது.

கழுத்தில் அட்டை மாட்டினார்கள். 'பொறுப்புள்ள வேட்டையாளர் – 1' என்று போட்டு, கீழே ரத்த வகை. தலைக்கு ஹெல்மெட், உடம்புக்கு ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கிற ஜாக்கெட், காலுக்கு இரும்பு வைத்த பூட்ஸ். அந்தக் கோலத்தோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அவருடைய மனைவி கங்கம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள்.

"இன்னாய்யா இது? ரோடு போடப் போறியா?"

"எலி புடிக்கப் போறேன்."

"இத்தப் போட்டுகினா? எலி சிரிச்சே செத்துரும் போ."

எலி சாகவில்லை. பூட்ஸ் சத்தம் கேட்டு, கன்னியப்பன் வளையை எட்டுவதற்கு ஐந்து நிமிஷம் முன்பாகவே கிளம்பிப் போய்விட்டது. இதையும் சும்மா விடக்கூடாதாம். பாதுகாப்பு அதிகாரி ஜோஸ்லின் வந்தாள். படித்த பெண், சுறுசுறுப்பு, ஆனால் எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு படிவம் தோன்றும். தினமும் காலையில் காட்டு ஓரத்தில் கன்னியப்பனை நிறுத்தி வைத்துப் பாதுகாப்பு உரை நிகழ்த்துவாள். முடிவில், "எல்லாருக்கும் புரிஞ்சுதா? புரிஞ்சவங்க கை தூக்குங்க" என்பாள். கன்னியப்பன் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குவார். குழி தோண்ட ஒரு அனுமதிச் சீட்டு, எலி வளைக்குள் புகை போட இன்னொன்று. புகைக்குத் தீயணைப்புத் துறையைச் சேர்ந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள் வைக்கோல் நமத்துவிடும்.

தப்பித்த ஒவ்வொரு எலிக்கும், மயிரிழையில் தவறிய விபத்துக்கு எழுதுவது போல, 'நியர் மிஸ்' அறிக்கை ஒன்று தர வேண்டும். அதில் ஐந்து 'ஏன்' இருக்கும். ஐந்துக்கும் பதில் சொன்னால் மூலகாரணம் தானாக வெளிவரும் என்பது அவர்கள் நம்பிக்கை. கன்னியப்பன் சொல்லச் சொல்ல, பின்கேட் செக்யூரிட்டி இசக்கியப்பன் எழுதிக்கொடுத்தான். எலி ஏன் தப்பித்தது? ஓடிவிட்டது. ஏன் ஓடியது? பூட்ஸ் சத்தம் கேட்டது. ஏன் பூட்ஸ்? மேடம் போடச் சொன்னார். மேடம் ஏன் சொன்னார்? விதி. ஏன் அந்த விதி? மேடத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஜோஸ்லின் அறிக்கையைத் திருப்பி அனுப்பினாள். "மூலகாரணம் என் பேர்ல வந்து நிக்குதுங்க. இப்படி வரக்கூடாது." திருத்திய அறிக்கையில் மூலகாரணம் இப்படி இருந்தது: 'எலிக்குப் போதிய பயிற்சி அளிக்கப்படவில்லை.' அது உடனே ஏற்கப்பட்டது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பூட்ஸைக் கழற்றிப் புதரில் ஒளித்து வைத்துவிட்டுக் கன்னியப்பன் தன் பாட்டுக்கு எலி பிடித்துக்கொண்டுதான் இருந்தார். மூன்றாம் மாதம் ஆய்வுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏசி அறை, நீள மேஜை, சுவரில் படம். மேஜையின் தலைமாட்டில் பிளான்ட் ஹெட் பிரவீன். சுவரில் வேட்டை விவரம் வரைபடமாக விழுந்தது. அதில் ஒன்றுமே இல்லை, வெறும் கோடு.

"என்ன ஃபிரடி, மூணு மாசமா ஜீரோ?"

கன்னியப்பன் எழுந்தார். "சார், எலி நூத்தம்பதுக்கு மேல புடிச்சேன் சார்."

"எலி வைல்ட்லைஃப் கிடையாது, கன்னியப்பன்" என்றார் ஃபிரடி வருத்தத்தோடு. "எலி பூச்சி மருந்து கான்ட்ராக்டர் கட்டத்துல வருது. நீங்க புடிச்சதெல்லாம் அவர் அக்கவுண்ட்ல ஏறிடுச்சு. அவருக்குப் போன மாசம் சிறந்த வெண்டர் ஷீல்டு கொடுத்தோம்."

பிரவீன் நாற்காலியில் சாய்ந்தார். "விஷயம் சிம்பிள். வேட்டைக்காரர் இருக்கார். துப்பாக்கி இல்லாட்டியும் அனுபவம் இருக்கு. பயிற்சி கொடுத்தாச்சு, ஷூ கொடுத்தாச்சு. அப்பவும் ஒரு மிருகம் விழலன்னா என்ன அர்த்தம்? அங்க மிருகமே இல்லன்னு அர்த்தம். இல்லாத மிருகத்துக்குப் பன்னிரண்டு ஏக்கர் எதுக்கு? கன்டெய்னர் யார்டு போட்டுடலாம்."

கன்னியப்பன் இன்னும் உட்காரவில்லை. காடு போனால் எட்டு வீட்டுக்கும் அடுப்பு எரியாது. படப்பை வீட்டுமனைகளில் சித்தாள் வேலைக்குப் போன அவருடைய தம்பி குடும்பம் அப்புறம் திரும்பவே இல்லை.

"கீது சார்!" என்றார். குரல் தானாக உயர்ந்துவிட்டது. "முயல் கீது, கவுதாரி கீது, உடும்பு கீது, கீரி கீது. எல்லாம் கீது சார். நான் புடிக்கல, அவ்ளோதான்."

"ஏன் புடிக்கல?"

"புடிச்சா ஜெயில்ல போடுவாங்க சார். அதில்லாம, இப்ப அதுங்க குட்டி போடற நேரம்."

"புடிக்காதத எப்படிங்க எண்றது?" என்று கேட்டார் ஃபிரடி. கேலியாக இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

ஒரு வழியாகத் தீர்ப்பு ஆனது. அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து தணிக்கை செய்ய ஒரு அம்மா வருகிறார். அவர் கண்ணுக்கு மிருகம் பட்டால் காடு தப்பிக்கும், படாவிட்டால் கன்டெய்னர். வெளியே வந்ததும் ஃபிரடி கன்னியப்பனின் காதோடு சொன்னார். "ஒரே ஒரு முயல். செத்த மாதிரி வேணாம், தூங்கற மாதிரி வெச்சுடுங்க. என் பிள்ளைங்க சத்தியமா வெளிய சொல்ல மாட்டேன்."

"நீயே வெச்சுக்கோ சார் அந்தப் பாவத்த" என்றுவிட்டு நடந்தார் கன்னியப்பன்.

வியாழக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். உயரமான, நரைத்த தலை அம்மா. பக்கத்தில் பிரவீன், ஃபிரடி, ஜோஸ்லின், பூங்கொத்தோடு ஒருவர், படம் பிடிக்க இருவர். கன்னியப்பன் அன்று ஜாக்கெட் போடவில்லை. எல்லாரையும் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார், பூட்ஸைக் கழற்றச் சொன்னார், போனை அணைக்கச் சொன்னார். ஜோஸ்லின் வாயைத் திறந்தாள். அந்த அம்மா ஏற்கெனவே வெறுங்காலில் நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

குட்டைக்கு எதிர்க்கரையில், காரைப் புதருக்குப் பின்னால் உட்கார வைத்தார். பிரவீன் இத்தனை நேரம் பேசாமல் இருந்தது அவருடைய பணிக்காலத்தில் முதல் தடவையாக இருக்கும். அரைமணி நேரத்தில் ஒரு கவுதாரி குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு தண்ணீருக்கு வந்தது. பின்னாலேயே முயல், காது இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு. ஒரு உடும்பு, இந்த இடமே தன்னுடையது என்கிற மாதிரி, அவசரமே இல்லாமல் கரையில் நடந்துபோனது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எழுந்ததும் கன்னியப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். "தொடாம பாதுகாக்கற இந்த மாதிரி ஒரு வேட்டைக்காரர அவங்க ஊர்லயே பார்த்ததில்லையாம்" என்று ஜோஸ்லின் மொழிபெயர்த்தாள். காட்டை ஒருபோதும் அழிக்கக்கூடாது, நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டும் என்று அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கன்னியப்பன் வீட்டுக்கு ஓடிவந்தார், நாற்பத்தாறு வயசில், உண்மையாகவே ஓடினார். "கங்கா, காடு நின்னுச்சுடி!" அன்றைக்கு எட்டு வீட்டிலும் நண்டுக் குழம்பு.

அடுத்த மாதம் விழா எடுத்தார்கள். பந்தல், மேளம், 'பொறுப்புள்ள வேட்டையாளர் விருது'. கன்னியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தி, கண்ணாடியில் செய்த முயல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு மேடையில் நின்றார். பிரவீன் பேசினார்:

"இயற்கைக்கு முதல் எதிரி யார்? மனிதன். எனவே நம் காட்டிலிருந்து மனிதனை முதலில் அப்புறப்படுத்துகிறோம். நம் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. கன்னியப்பன் இந்தக் காட்டைத் தனி ஆளாக முப்பது வருடம் பாதுகாத்தார். அவருக்கு எந்த வசதியும் இல்லை, பயிற்சி இல்லை, மேலாண்மை இல்லை. அப்படியும் காடு பிழைத்தது என்பது ஆச்சரியம். இனி அந்த ஆபத்து இல்லை. இன்று முதல் இந்தக் காட்டை நாங்கள் பாதுகாக்கிறோம். தேவைப்பட்டால் கன்னியப்பனிடமிருந்தும் பாதுகாப்போம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஒன்றும் புரியாமல் கன்னியப்பனும் தட்டினார்.

மறுநாள் காலையில் காட்டுக்குப் போனால், கால்வாய்ப் பக்கமெல்லாம் கம்பி வேலி. 'வேட்டையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை. பலகைக்குக் கீழே இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதிய. எட்டு வீட்டு ஆளுவளயும் உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாவ, உங்கள முக்கியமா. உங்க போட்டோவே ஒட்டியிருக்கு பாருங்க."

"கார்டு கீதுபா எங்கிட்ட. நம்பர் ஒண்ணு."

"அதாம்ணே சிக்கல். வேட்டைக்காரருன்னு அதுல அச்சடிச்சுல்லா இருக்கு. மாசாமாசம் வந்து இந்த நோட்டுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போவச் சொன்னாவ. படிவத்துக்கு ஆள் வேணும்லா."

கன்னியப்பன் வேலிக்கு வெளியே நின்று கையெழுத்துப் போட்டார். திரும்பி நடக்கும்போது அவருக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. எல்லாரும் அவரைப் பாராட்டியல்லவா துரத்தியிருக்கிறார்கள்.

அப்புறம் பாதுகாப்பு ஆரம்பித்தது. அடேயப்பா, பாதுகாப்பா அது! முள்புதர் பார்க்க ஒழுங்காக இல்லையென்று ஜேசிபி விட்டு வழித்தெடுத்துப் புல்தரை போட்டார்கள். குட்டையைச் சுற்றி டைல்ஸ் பதித்தார்கள். உயரக் கம்பம் நட்டு ஆறு விளக்கு. முயல் எப்படி இருக்கும் என்று முயலுக்கே தெரியட்டும் என்பது மாதிரி, ஆள் உயரத்தில் ஃபைபர் முயல் ஒன்று. அதன் இரண்டு காதுக்கும் நடுவில் தலையை விட்டு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். பறவைகள் பற்றாக்குறையை ஈடுகட்ட ஸ்பீக்கரில் குயில் கூவியது, ஷிப்டு மாறும்போதெல்லாம் கூவியது. மிருகங்களை எண்ணுவதற்கு ட்ரோன் பறந்தது. இதையெல்லாம் இசக்கியப்பன்தான் வேலிக்கு வெளியே வந்து கன்னியப்பனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னான்.

எட்டு வீட்டின் நிலைமை நெருக்கடியானது. கங்கம்மாள் ஒரகடத்தில் ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கப் போனாள். கன்னியப்பன் தூரத்து வயல்களுக்கு எலி பிடிக்க நடந்தார். அப்படி ஒருநாள் அதிகாலையில் கிளம்பும்போதுதான் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால், கால்வாய்க்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே நாணலும் கோரையும் மண்டிக் கிடந்த துண்டு நிலத்தில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. அவரைப் பார்த்தது, ஓடவில்லை. அடுத்த வாரம் கீரி வந்தது. அதற்கடுத்த வாரம் உடும்பு, கங்கம்மாளின் விறகுக் குவியலுக்கு அடியில் குடியேறிவிட்டது.

"எல்லாம் நம்ம வூட்டாண்ட வந்துச்சுய்யா" என்றாள் கங்கம்மாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அதுங்களுக்கும் பட்டா இல்ல போல."

எட்டு வீட்டாரும் தாங்களாகவே அந்தப் பக்கம் குப்பை கொட்டுவதை நிறுத்தினார்கள். யாரும் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் ஃபிரடி வந்தார். தனியாக, நடந்து, சேற்றில் பூட்ஸோடு. ஆள் பாதியாக இளைத்திருந்தார். கன்னியப்பன் நாற்காலி எடுத்துப்போட்டார்.

"கன்னியப்பன், எல்லாம் போச்சு. அந்தம்மா நாளன்னிக்கு மறுபடி வராங்க. உள்ள ஒரு ஓணான்கூட இல்ல. ட்ரோன் எண்ணுனதெல்லாம் அந்த ஃபைபர் முயலத்தான், நாலாயிரம் தடவ எண்ணிருக்கு. எங்கதாங்க போச்சு எல்லாம்? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

கன்னியப்பனுக்கு ஃபிரடியைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய பயம்.

"எங்க இருந்தாலும் சொல்லுங்க" என்று ஃபிரடி குனிந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கால்வாய்க்கரையா இருந்தாலும் சரி. பிரவீன் சார் பேசி வாங்கிடுவார். இதையும் வேலி போட்டுக் காப்பாத்திடலாம். உங்க எட்டு வீட்டுக்கும் படப்பை தாண்டி எங்கயாச்சும் எடம் பாத்துடலாம். ஒண்ணும் பயப்படாதீங்க, முழுப் பாதுகாப்பு."

கங்கம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். கன்னியப்பன் இதுவரை ஒரு அதிகாரியிடமும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லத் தேவைப்படுகிற அளவுக்கு எந்த அதிகாரியும் அவரிடம் எதையும் கேட்டதுமில்லை.

"இங்க ஒண்ணுமே இல்ல சார்" என்றார். "எலிகூட இல்ல."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னால், நாணலுக்குள்ளிருந்து, கவுதாரி கத்தியது. தெளிவாக, உரக்க, மூன்று தடவை.

ஃபிரடி தலையைத் தூக்கினார். "என்னங்க சத்தம் அது?"

கன்னியப்பன் கங்கம்மாளைப் பார்த்தார். கங்கம்மாள்தான் சொன்னாள். "பக்கத்து வூட்டுக்காரர் போனு சார். ரிங்டோனு."

"ஓ." ஃபிரடி காதைக் கொடுத்துக் கேட்டார். "ரொம்ப இயற்கையா இருக்கே. எனக்கு வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க. உள்ள ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்."

அவர் எழுந்து வாசலைத் தாண்டுவதற்குள், இடது பக்கம் கோரைக்குள்ளிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. தொடர்ந்து தூரத்தில், கால்வாய் மதகுப் பக்கமிருந்து மற்றொன்று.

ஃபிரடி நின்று திரும்பிப் பார்த்தார். "அவங்களுக்கும் இதே ரிங்டோனா?"

"எங்க எட்டு வூட்டுக்கும் அதே தான் சார்" என்றார் கன்னியப்பன்.